எந்தப் பிழையால் வகுப்பது? மென்பொருளில் அனோவா

மாறுபாட்டுப் பகுப்பாய்வு, சுருக்கமாக அனோவா, பல குழுக்களின் சராசரிகள் உண்மையிலேயே வேறுபடுகின்றனவா, தற்செயலாக அப்படித் தெரிகின்றனவா என்று பார்க்கும் முறை. பெயரில் இருப்பது மாறுபாடு. தீர்ப்போ சராசரிகளைப் பற்றியது. அதன் உள்வேலை ஒரே ஒரு வகுத்தல்தான். குழுக்களுக்கு இடையே உள்ள மாறுபாடு தொகுதியில் நிற்கும். காரணம் சொல்ல முடியாத ஏற்ற இறக்கம், அதாவது பிழை, பகுதியில் நிற்கும். வகுத்து வரும் ஈவுக்கு எஃப் என்று பெயர். அது 1-ஐ ஒட்டி வந்தால் குழுக்களுக்கு இடையே பெரிதாக வேறுபாடு இல்லை. 1-ஐ விட வெகுவாக உயர்ந்தால் ஏதோ இருக்கிறது.

இந்த வகுத்தலை எந்த மென்பொருளும் கண்மூடித் திறப்பதற்குள் செய்துவிடும். ஆனால் பகுதியில் எந்தப் பிழை உட்கார வேண்டும் என்பது அதற்குத் தானாகத் தெரியாது. சோதனை எப்படி அமைக்கப்பட்டது, எது எதற்குள் அடங்கியது, யாரை எத்தனை முறை அளந்தார்கள் என்பதை அறிந்தவர்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒருவழி, இருவழி, மறுஅளவீடு, பிளவுப் பாத்தி என்று அனோவா இத்தனை வகையாகப் பிரிவதற்கும் இதுவே காரணம். பட்டனை அழுத்துவது எளிது. எந்தப் பட்டன் என்பதில்தான் ஆய்வேடுகள் தடுக்கி விழுகின்றன.

முறை பிறந்த இடம் வயல். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919-இல் வேலைக்குச் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர், அங்கே பல்லாண்டுகளாகக் குவிந்து கிடந்த விளைச்சல் கணக்குகளைப் பிரித்துப் பார்க்கும் முயற்சியில் இதை வளர்த்தெடுத்தார். வினிஃப்ரெட் மெக்கன்சியோடு சேர்ந்து 1923-இல் அவர் வெளியிட்ட உருளைக்கிழங்கு ஆய்வில் 12 ரகங்களும் சில உரங்களும் சோதிக்கப்பட்டன. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கட்டுரையில் ஃபிஷரே பகுதியில் தவறான பிழையை வைத்துவிட்டார். பெரிய பாத்திக்கு உரிய பிழையையும் அதற்குள் இருந்த சிறிய பாத்திக்கு உரிய பிழையையும் பிரிக்காமல் ஒன்றாகக் கலந்துவிட்டார். 1925-இல் வந்த அவருடைய புள்ளியியல் நூலில் அதே தரவு சரியாகப் பிரிக்கப்பட்டது. எஃப் என்ற எழுத்தை அந்த ஈவுக்குச் சூட்டியவர் அமெரிக்காவின் ஐயோவாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்னெடெகர். ஃபிஷரின் பெயருக்கு மரியாதையாக 1934-இல் வைத்தார்.

மென்பொருள்களின் குணமும் அவை பிறந்த வீட்டைப் பொறுத்தே அமைந்திருக்கிறது. ஜென்ஸ்டாட் ரோதம்ஸ்டெட்டிலேயே உருவானது. சாஸ் வட கரோலினாவில் வேளாண் தரவுகளைக் கையாளத் தொடங்கிய பல்கலைக்கழகத் திட்டம்; 1976-இல் தனி நிறுவனமாயிற்று. ஆகவே இவை இரண்டுக்கும் பிளாக், பாத்தி, உட்பாத்தி எல்லாம் தாய்மொழி. 1968-இல் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய எஸ்பிஎஸ்எஸ் சமூக அறிவியலாளர்களுக்காக எழுதப்பட்டது. கேள்வித்தாள், மாணவர், நோயாளி என்று வரும் தரவுகளுக்கு அதன் மெனுக்கள் வசதி. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மனும் 1990-களில் தொடங்கிய ஆர், எல்லாவற்றையும் சமன்பாடாக எழுதச் சொல்கிறது. முதலில் முரடாகத் தெரியும். ஆனால் பகுதியில் என்ன நிற்கிறது என்பதை மறைக்காமல் கேட்கும் மென்பொருள் அதுதான். அனோவாவைப் புரிந்துகொண்டு கற்க விரும்புவோருக்கு அதுவே நல்ல ஆசிரியர். கீழே வரும் எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை ஆரோடு கூடவே வரும் தரவுத் தொகுப்புகள். கணினியில் ஆர் இருப்பவர்கள் எண்களை வரிக்கு வரி சரிபார்க்கலாம்.

முதலாவது, ஒருவழி அனோவா. ஒரே ஒரு காரணி, அதில் பல குழுக்கள். ஆரில் உள்ள பிளான்ட் குரோத் தொகுப்பில் 30 செடிகளின் உலர் எடை இருக்கிறது: கட்டுப்பாட்டுக் குழுவில் 10, இரண்டு வெவ்வேறு சூழல்களில் வளர்ந்தவை பத்துப் பத்து. சராசரிகள் முறையே 5.03, 4.66, 5.53. ஏஓவி என்ற கட்டளைக்குள் எடை, ஒரு அலைக்குறி, குழு என்று எழுதினால் போதும். அலைக்குறிக்கு இடப்பக்கம் விளைவு, வலப்பக்கம் காரணி. அட்டவணையில் குழுவின் வர்க்கக் கூடுதல் 3.766, கட்டின்மை எண் (மென்பொருளில் டிஎஃப்) 2. எஞ்சிய பிழையின் வர்க்கக் கூடுதல் 10.492, கட்டின்மை எண் 27. ஒவ்வொன்றையும் அதனதன் கட்டின்மை எண்ணால் வகுத்தால் வர்க்கச் சராசரிகள் 1.883, 0.389. இவற்றின் ஈவு 4.85; பி மதிப்பு, அதாவது வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவு பெரிய எஃப் தற்செயலாக வரும் வாய்ப்பு, 0.016. எஸ்பிஎஸ்எஸ்ஸில் அனலைஸ் மெனுவில் கம்பேர் மீன்ஸ், அதற்குள் ஒன்-வே அனோவா என்று போனால் இதே அட்டவணை வரும். எக்செலின் டேட்டா அனாலிசிஸ் கருவியில் சிங்கிள் ஃபேக்டர் என்பதும் இதையே தரும்.

ஆனால் எஃப் சொல்வது மூன்றும் ஒன்றல்ல என்பதை மட்டுமே. எது எதிலிருந்து வேறுபடுகிறது என்று அறிய இணை இணையாக ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு இணைக்கும் தனித் தனி டி சோதனை செய்தால் தவறான எச்சரிக்கைகள் பெருகும். ஒன்றையொன்று சாராத பத்துச் சோதனைகளை 5 சதவீத அளவில் செய்தால், வேறுபாடே இல்லாத இடத்திலும் குறைந்தது ஒன்றாவது பொய்யாகக் கொடி காட்டுவதற்கு 40 சதவீத வாய்ப்பு இருக்கிறது. டியூக்கியின் முறை இதைக் கட்டுக்குள் வைக்கிறது. பிளான்ட் குரோத் தரவை அதில் போட்டால் முடிவு சற்று ஏமாற்றமாக இருக்கும். முதல் சூழலுக்கும் இரண்டாம் சூழலுக்கும் இடையே மட்டும் தெளிவான வேறுபாடு (பி 0.012). கட்டுப்பாட்டுக் குழுவிலிருந்து இரண்டில் எதையுமே பிரித்துக் காட்ட முடியவில்லை (பி 0.39, 0.20). எஃப் பொருளுடையதாக வந்துவிட்டது, ஆகவே இந்தச் சூழல் செடியை வளர்த்தது என்று எழுதுபவர்கள் இந்த இரண்டாம் அட்டவணையைப் பார்க்காதவர்கள்.

எஸ்பிஎஸ்எஸ்ஸின் போஸ்ட் ஹாக் பெட்டியைத் திறந்தால் 18 பெயர்கள் வரிசையாக நிற்கும். எல்லாவற்றையும் டிக் செய்து, எதில் நட்சத்திரம் அதிகம் விழுகிறதோ அதை மட்டும் எடுத்து எழுதுவது ஏமாற்று. எல்லா இணைகளையும் ஒப்பிட டியூக்கி. கட்டுப்பாட்டுக் குழுவோடு மட்டும் ஒப்பிட டன்னெட். குழுக்களின் பரவல் சமமில்லை என்றால் கேம்ஸ்-ஹோவெல். பெரும்பாலான ஆய்வுகளுக்கு இந்த மூன்றும் போதும். இந்திய வேளாண் ஆய்வேடுகளில் வழக்கமாகக் காணும் சிடி (கிரிட்டிக்கல் டிஃபரன்ஸ்) எண், ஃபிஷரின் பழைய எல்எஸ்டி முறையிலிருந்து வருவது. மூன்று ரகங்களை ஒப்பிடும்போது, அதுவும் எஃப் தேறிய பிறகு, அதில் குறையில்லை. இருபது ரகங்களை அதே ஒற்றை எண்ணை வைத்து ஒப்பிட்டால் பொய் வேறுபாடுகள் அட்டவணை முழுக்கச் சிதறிக் கிடக்கும்.

பரவல் சமமா என்று பார்க்க லெவீன் சோதனை உண்டு. அது சரியில்லை என்றால் வெல்ச் 1951-இல் கொடுத்த மாற்று வடிவம் கைகொடுக்கும். எஸ்பிஎஸ்எஸ்ஸில் ஆப்ஷன்ஸ் பெட்டியில் இருக்கிறது. ஆரில் ஒரு சின்ன விசித்திரம்: ஏஓவி பரவல் சமம் என்று எடுத்துக்கொள்கிறது, ஒன்வே டெஸ்ட் என்ற இன்னொரு கட்டளையோ, வேறு எதுவும் சொல்லாவிட்டால், சமமில்லை என்று எடுத்துக்கொண்டு வெல்ச் வடிவத்தைத் தருகிறது. அதே செடிகளுக்கு அது தரும் எஃப் 5.18, பிழையின் கட்டின்மை எண் 17.13, பி 0.017. ஒரே மென்பொருள், ஒரே தரவு, இரண்டு விடை; இரண்டும் சரியான விடைகளே. இயல்நிலைப் பரவலைச் சோதிப்போர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சோதிக்க வேண்டியது குழுச் சராசரியைக் கழித்த பிறகு எஞ்சும் எச்சங்களை. மூலத் தரவு முழுவதையும் ஒன்றாகக் கொட்டிச் சோதித்தால், குழுக்கள் நன்றாக வேறுபடும்போதெல்லாம் இயல்நிலை இல்லை என்ற விடைதான் வரும்.

இரண்டு காரணிகள் வந்தால் இருவழி அனோவா. ஆரின் டூத் குரோத் தொகுப்பில் 60 கினிப் பன்றிகள். அவற்றுக்கு வைட்டமின் சி நாளொன்றுக்கு 0.5, 1, 2 மில்லிகிராம் என மூன்று அளவுகளில் தரப்பட்டது. பாதிக்கு ஆரஞ்சுச் சாறாக, பாதிக்கு அஸ்கார்பிக் அமிலமாக. ஆறு சேர்க்கை, ஒவ்வொன்றிலும் பத்து. அளந்தது பல் வளர்ச்சிக்குப் பொறுப்பான செல்களின் நீளம். இரண்டு காரணிகளுக்கு நடுவே பெருக்கல் குறி போட்டால், தனித் தனி விளைவுகளோடு இடைவினையும் சேர்ந்து வரும். கூட்டல் குறி போட்டால் இடைவினை விடுபட்டுப் போகும்.

இந்தத் தொகுப்பு ஒரு பொறியை ஒளித்து வைத்திருக்கிறது. அதில் அளவு என்ற பத்தி எண்ணாகவே சேமிக்கப்பட்டிருக்கிறது. அப்படியே ஓட்டினால் ஆர் அதைக் குழுவாகக் கருதாது. அளவு கூடக் கூட நீளம் நேர்கோட்டில் கூடுகிறது என்று எடுத்துக்கொண்டு, கட்டின்மை எண் 1 என்று காட்டும். அதைக் காரணியாக மாற்றிய பிறகு ஓட்டினால் கட்டின்மை எண் 2 ஆகும். வர்க்கக் கூடுதல் 2224.3-இலிருந்து 2426.4-க்கு உயரும், பிழையின் வர்க்கக் கூடுதல் 933.6-இலிருந்து 712.1-க்கு இறங்கும். எச்சரிக்கைச் செய்தி எதுவும் வராது. மூன்று குழுக்கள் உள்ள காரணிக்கு எதிரே 1 என்று இருந்தால் எங்கோ தவறு நடந்திருக்கிறது. அனோவா அட்டவணை கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது பி மதிப்பு இருக்கும் கடைசிப் பத்தியை விட்டுவிட்டு, கட்டின்மை எண் இருக்கும் பத்தியை.

சரியாக ஓட்டினால், கொடுத்த வடிவத்துக்கு எஃப் 15.57, அளவுக்கு 92.0, இடைவினைக்கு 4.11 (பி 0.022). இடைவினை தேறியதால், சாறு நல்லதா அமிலம் நல்லதா என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. 0.5 மில்லிகிராமில் சாறு 13.23, அமிலம் 7.98. 1 மில்லிகிராமில் 22.70, 16.77. 2 மில்லிகிராமில் 26.06, 26.14. குறைந்த அளவில் சாறு தெளிவாக முந்துகிறது. அளவு கூடியதும் வேறுபாடு மறைந்துவிடுகிறது. இடைவினையை மறந்து மொத்தச் சராசரியை மட்டும் எழுதினால் இந்தக் கடைசி வரி காணாமல் போகும். ஒவ்வோர் அளவிலும் தனித் தனியே ஒப்பிட ஆரில் எம்மீன்ஸ் தொகுப்பு இருக்கிறது. எஸ்பிஎஸ்எஸ்ஸில் ஜெனரல் லீனியர் மாடல், யூனிவேரியட் என்று போய், சின்டாக்ஸில் எம்மீன்ஸ் வரியோடு கம்பேர் என்ற சொல்லைச் சேர்க்கலாம். மெனுவிலேயே வாழ்ந்து பழகியவர்கள் முதன்முதலில் சின்டாக்ஸைத் திறக்கும் இடம் பெரும்பாலும் இதுதான்.

இதுவரை எல்லாக் கட்டங்களிலும் சம எண்ணிக்கை. வயலில் ஒரு பாத்தி வெள்ளத்தில் போய்விட்டால், மருத்துவமனையில் நான்கு நோயாளிகள் பாதியில் நின்றுவிட்டால், சமன் குலையும். வெவ்வேறு மென்பொருள்கள் வெவ்வேறு விடை தந்து பயனரைத் திகைக்க வைப்பது இங்கேதான். ஒரு கற்பனைக் கணக்கு இதைத் தெளிவாக்கும். நெல்லில் இரண்டு ரகம், நீர் உண்டு, நீர் இல்லை என இரண்டு நிலை. நீர் இல்லாத பாத்திகள் எல்லாம் 20, நீர் உள்ளவை எல்லாம் 30 விளைகின்றன என்று வைத்துக்கொள்வோம். ரகத்தால் துளியும் வேறுபாடு இல்லை. ஆனால் முதல் ரகத்தில் 8 பாத்தி வறண்டவை, 2 நீர் பெற்றவை. இரண்டாம் ரகத்தில் நேர் எதிர். ரகங்களின் வெறும் சராசரி 22, 28 என்று வரும். ரகத்தை முதலில் எழுதிக் கணக்கிட்டால் ரகத்துக்கு வர்க்கக் கூடுதல் 180, நீருக்கு 320. நீரை முதலில் எழுதினால் நீருக்கு 500, ரகத்துக்குச் சுழியம். மொத்தம் இரண்டிலும் அதே 500. பங்கு பிரிப்பது மட்டும் மாறிவிட்டது.

எழுதிய வரிசைப்படி பங்கு பிரிப்பது முதல் வகை. மற்ற முதன்மை விளைவுகளுக்குக் கொடுத்தது போக மீதியைப் பார்ப்பது, ஆனால் இடைவினையைக் கணக்கில் சேர்க்காமல் பார்ப்பது, இரண்டாம் வகை. இடைவினை உட்பட எல்லாவற்றுக்கும் கொடுத்தது போக மீதியைப் பார்ப்பது மூன்றாம் வகை. இந்த எண்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது சாஸ். கணக்குகள் அதைவிடப் பழையவை. சமனற்ற தரவுக்கான வழிகளை ரோதம்ஸ்டெட்டின் ஃபிராங்க் யேட்ஸ் 1934-லேயே எழுதிவிட்டார். எஸ்பிஎஸ்எஸ், மினிடாப், ஜாஸ்ப், ஜமோவி ஆகியவை கேட்காமலே மூன்றாம் வகையைத் தருகின்றன. சாஸின் ஜிஎல்எம் முதலாவதையும் மூன்றாவதையும் அடுத்தடுத்து அச்சிடுகிறது. ஆரின் ஏஓவி முதல் வகை. ஜான் ஃபாக்ஸ் எழுதிய கார் தொகுப்பின் அனோவா கட்டளை இரண்டாம் வகை. பைத்தானின் ஸ்டாட்ஸ்மாடல்ஸ் முதல் வகை. எஸ்பிஎஸ்எஸ்ஸில் வந்த எண் ஆரில் ஏன் வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களில் பாதிப் பேருக்கு விடை இந்தப் பத்தியில் இருக்கும்.

மீதிப் பாதிக்கு இன்னொரு விடை உண்டு. ஆரில் மூன்றாம் வகையைக் கேட்டாலும், காரணிகளின் குறியீட்டு முறை கூட்டினால் சுழியம் வரும்படி, அதாவது கான்ட்ர் சம் முறையில், முன்பே மாற்றப்பட்டிருக்க வேண்டும். ஆரின் இயல்பான ட்ரீட்மென்ட் குறியீட்டோடு மூன்றாம் வகையைக் கேட்டால், இடைவினை உள்ள மாதிரியில் முதன்மை விளைவுக்கு எதிரே வரும் எண் ஒரே ஒரு அடிப்படைக் குழுவில் மட்டும் உள்ள வேறுபாட்டைச் சொல்லும். கேட்டது ஒன்று, வந்தது வேறொன்று. இதற்கும் எச்சரிக்கை வராது.

எது நல்லது என்பதில் புள்ளியியலாளர்களிடையே நெடுநாள் சண்டை. ஜென்ஸ்டாட்டை உருவாக்கிய ஜான் நெல்டரும் ஆஸ்திரேலியாவின் பில் வெனபிள்ஸும் மூன்றாம் வகையைக் கடுமையாக எதிர்த்தவர்கள்: இடைவினை இருக்கும்போது முதன்மை விளைவைத் தனியே சோதிப்பதில் பொருளே இல்லை என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தில் நியாயம் அதிகம். இடைவினை இல்லை என்று தோன்றினால் இரண்டாம் வகை கூர்மையானது. இடைவினை இருந்தால், எந்த வகையில் சோதித்தாலும், பார்க்க வேண்டியவை கட்டம் கட்டமான சராசரிகளே. கட்டங்களில் எண்ணிக்கை சமமாக இருந்தால், குறியீட்டு முறையும் சரியாக இருக்கும்போது, மூன்று வகையும் ஒரே விடை தரும், சண்டையும் இல்லை.

அடுத்தது மறுஅளவீட்டு அனோவா. ஒரே ஆளைப் பல முறை அளக்கும்போது அந்த அளவீடுகள் ஒன்றையொன்று சாராதவை என்று சொல்ல முடியாது. ஆரின் ஸ்லீப் தொகுப்பு, ஸ்டூடன்ட் என்ற புனைபெயரில் எழுதிய புள்ளியியலாளர் தம் 1908-ஆம் ஆண்டுக் கட்டுரையில் எடுத்துக்காட்டிய தரவு: 10 நோயாளிகள், இரண்டு தூக்க மருந்து, ஒவ்வொன்றாலும் கூடிய தூக்க நேரம். சராசரி 0.75 மணி, 2.33 மணி. இருபது வெவ்வேறு ஆட்கள் என்று எண்ணி ஒருவழி அனோவா ஓட்டினால் எஃப் 3.46, பி 0.079, மருந்துகளுக்கு இடையே வேறுபாடு காட்ட முடியவில்லை. ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டைப் பிழையிலிருந்து பிரித்தெடுத்தால் எஃப் 16.5, பி 0.0028. தொகுதி மாறவே இல்லை. பகுதி மாறியதால் தீர்ப்பு தலைகீழானது.

ஆரில் இதற்கு எரர் என்ற சொல்லை எழுதி, அதன் அடைப்புக்குள் நோயாளி எண், சாய்கோடு, மருந்து என்று தர வேண்டும். நோயாளி எண் இங்கேயும் காரணியாக இருக்க வேண்டும். வெறும் எண்ணாக விட்டால் பழைய பொறி திரும்ப வாய் திறக்கும். தரவு நீள வடிவத்தில், அதாவது ஒவ்வோர் அளவீட்டுக்கும் ஒரு வரியாக, இருக்க வேண்டும். எஸ்பிஎஸ்எஸ் கேட்பது அகல வடிவம்: ஆளுக்கு ஒரு வரி, ஒவ்வொரு முறைக்கும் ஒரு பத்தி. ரிப்பீட்டட் மெஷர்ஸ் பெட்டியில் முதலில் காரணிக்குப் பெயர் வைத்து, எத்தனை நிலை என்று சொல்லி, பிறகு பத்திகளை வரிசையாக உள்ளே தள்ள வேண்டும்.

மூன்று முறையோ அதற்கு மேலோ அளந்தால் இன்னொரு நிபந்தனை சேர்கிறது. எந்த இரு முறைகளை எடுத்தாலும் அவற்றின் வித்தியாசத்தின் மாறுபாடு ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். இதற்கு ஸ்பெரிசிட்டி என்று பெயர். முதல் மாதத்துக்கும் இரண்டாம் மாதத்துக்கும் உள்ள ஒட்டுறவு முதலுக்கும் பன்னிரண்டாவதுக்கும் இருக்காது. எனவே காலத்தோடு நகரும் தரவில் இந்த நிபந்தனை அடிக்கடி உடையும். இதைச் சோதிக்கும் மாக்லி சோதனை 1940-இல் வந்தது. அதே ஜான் மாக்லிதான் பிறகு எனியாக் கணினியை உருவாக்கியவர்களில் ஒருவர். நிபந்தனை உடைந்தால் கட்டின்மை எண்களைக் குறைத்துச் சரிக்கட்ட கிரீன்ஹவுஸ்-கைசர், ஹைன்-ஃபெல்ட் என்ற இரண்டு திருத்தங்கள் உள்ளன. திருத்த எண் 0.75-க்குக் கீழே இருந்தால் முன்னது, மேலே இருந்தால் பின்னது என்பது வழக்கத்தில் உள்ள விதி. எஸ்பிஎஸ்எஸ் இவை எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் நான்கு வரியாகக் கொட்டும். அதற்கு மேலே மல்டிவேரியட் டெஸ்ட்ஸ் என்று கேட்காத இன்னோர் அட்டவணையும் வரும். அவசரத்தில் முதலில் கண்ணில் பட்டதை எழுதிவிடுபவர்கள் உண்டு. ஆரில் ஏஃபெக்ஸ் தொகுப்பு திருத்தத்தைத் தானே செய்து, குறியீட்டு முறையையும் தானே மாற்றிக்கொள்கிறது. புதிதாகத் தொடங்குவோருக்கு ஏஓவியை விட அது பாதுகாப்பு.

பிளவுப் பாத்தி அமைப்பில்தான் எந்தப் பிழையால் வகுப்பது என்ற கேள்வி முழு உருவத்தோடு எழுகிறது. ஆரின் மாஸ் தொகுப்பில் உள்ள ஓட்ஸ் தரவு, யேட்ஸ் 1935-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வருவது. 6 பிளாக், ஒவ்வொன்றிலும் 3 பெரிய பாத்திகள், அவற்றில் விக்டரி, கோல்டன் ரெயின், மார்வெலஸ் என்ற மூன்று ரகங்கள், ஒவ்வொரு பெரிய பாத்தியும் 4 சிறிய பாத்திகளாகப் பிரிக்கப்பட்டு, நான்கு அளவுகளில் தழைச்சத்து. மொத்தம் 72 சிறிய பாத்திகள். ஆனால் ரகம் தற்செயலாக ஒதுக்கப்பட்டது பெரிய பாத்திக்கு. ரகத்தைப் பொறுத்தவரை சோதனை அலகுகள் 18 மட்டுமே.

எரர் என்ற சொல்லுக்குள் பிளாக், சாய்கோடு, ரகம் என்று எழுதினால் ஆர் மூன்று அடுக்காக அட்டவணை தரும். ரகத்தின் வர்க்கச் சராசரி 893.2, அது பெரிய பாத்திகளின் பிழையான 601.3-ஆல், கட்டின்மை எண் 10-ஓடு, வகுக்கப்படுகிறது. எஃப் 1.49, பி 0.27. தழைச்சத்தின் வர்க்கச் சராசரி 6673. அது சிறிய பாத்திகளின் பிழையான 177.1-ஆல், கட்டின்மை எண் 45-ஓடு, வகுக்கப்படுகிறது. எஃப் 37.7. தழைச்சத்து பலமாக வேலை செய்கிறது. ரகங்களுக்கு இடையே வேறுபாடு காட்டப் போதிய சான்று இல்லை.

இப்போது எரர் என்பதை எழுத மறந்து, பிளாக்கையும் இன்னொரு சாதாரணக் காரணியாகக் கூட்டல் குறியோடு சேர்த்து ஓட்டினால் என்ன ஆகும்? இரண்டு பிழைகளும் ஒன்றாகக் கலந்து 254.2 ஆகும், கட்டின்மை எண் 55. ரகத்தின் எஃப் 3.51-க்கு ஏறி, பி 0.037 என்று வந்துவிடும். நட்சத்திரம் போட்டு, ரகங்கள் வேறுபடுகின்றன என்று எழுதிவிடலாம். அட்டவணை அழகாகவே இருக்கும். ஃபிஷர் 1923-இல் கலந்ததும் இதே இரண்டு பிழைகளைத்தான்.

சாஸின் ஜிஎல்எம் எல்லாவற்றையும் கடைசி எச்சத்தாலேயே வகுக்கும். ரகத்துக்குப் பிளாக்-ரக இணைவே பிழை என்று டெஸ்ட் வரியில் தனியே சொல்ல வேண்டும். எஸ்பிஎஸ்எஸ்ஸில் பிளாக்கை ரேண்டம் ஃபேக்டர் பெட்டியில் போட்டு, மாடல் பகுதியில் பிளாக்-ரக இணைவையும் சேர்த்தால் அது சரியான பகுதியைத் தானே தேர்ந்துகொள்ளும். இணைவைச் சேர்க்க மறந்தால் தேர்ந்துகொள்ள அதனிடம் எதுவும் இருக்காது.

இன்று பலர் இந்தத் தரவுகளைக் கலப்பு மாதிரிகளில் ஓட்டுகிறார்கள்: சாஸில் மிக்ஸ்ட், ஆரில் எல்எம்இ4. சமனான ஓட்ஸ் தரவுக்கு இவையும் அதே 1.49, 37.7 என்ற எண்களையே தரும். சில அளவீடுகள் காணாமல் போன தரவில்தான் இவற்றின் அருமை தெரியும். ஒரு மாதம் வராத நோயாளியை மறுஅளவீட்டு அனோவா முழுதாகத் தூக்கி எறியும், கலப்பு மாதிரி இருப்பதை வைத்துக் கணக்கிடும். எல்எம்இ4-ஐ எழுதிய டக்ளஸ் பேட்ஸ், சமனற்ற தரவில் கட்டின்மை எண்ணை உறுதியாகச் சொல்ல முடியாது என்று கருதி, பி மதிப்பை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. வேண்டுவோர் எல்எம்இஆர் டெஸ்ட் என்ற தொகுப்பை ஏற்றிக்கொள்ளலாம். அது சாட்டர்த்வெயிட்டின் தோராயத்தைப் பயன்படுத்துகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சோதனைக்கு முந்திய மதிப்பெண், தொடக்க எடை போன்ற ஓர் எண் மாறியையும் சேர்த்துக்கொள்வது அன்கோவா. அந்த மாறியின் சரிவு எல்லாக் குழுக்களிலும் ஒன்றுதானா என்று முதலில் பார்க்க வேண்டும். பல விளைவுகளை ஒரே நேரத்தில் சோதிப்பது மனோவா. அது தரும் நான்கு அளவைகளில் பில்லாய் நிபந்தனை மீறல்களை நன்றாகத் தாங்கும். தரவு வெறும் தரவரிசையாக இருந்தால் ஒருவழிக்குக் குருஸ்கல்-வாலிஸ், மறுஅளவீட்டுக்கு ஃபிரீட்மன். பின்னதை 1937-இல் கொடுத்தவர் பிறகு பொருளாதாரத்தில் நோபல் பெற்ற மில்டன் ஃபிரீட்மன். எக்செல் இருவழி வரை செய்யும், ஆனால் எல்லாக் கட்டங்களிலும் சம எண்ணிக்கை இருந்தாக வேண்டும். இணை ஒப்பீடு கிடையாது. வகுப்பில் கற்றுக்கொடுக்கப் போதும், ஆய்வேட்டுக்குப் போதாது. காசு கொடுக்க வழியில்லாத மாணவர்களுக்கு, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் ஜாஸ்பும், ஆரின் மேல் கட்டப்பட்ட ஜமோவியும் இலவசம். எஸ்பிஎஸ்எஸ் போலவே மெனு வைத்து நடப்பவை.

முடிவை எழுதும்போது எஃப், அதன் இரண்டு கட்டின்மை எண்கள், பி மதிப்பு ஆகியவற்றோடு விளைவின் பருமனும் வர வேண்டும். பிளான்ட் குரோத்தில் மொத்த வர்க்கக் கூடுதலில் குழுவின் பங்கு 26 சதவீதம், 0.016 என்ற பி மதிப்பு சொல்லாத செய்தி அது. கட்டின்மை எண்களை விடாமல் எழுதினாலே, 18 பெரிய பாத்திகளை 72 என்று எண்ணிய தவறு படிப்பவருக்குப் பிடிபட்டுவிடும். மென்பொருளின் பெயர், பதிப்பு, வர்க்கக் கூடுதலின் வகை, எந்தப் பிழையால் வகுத்தது என்ற நான்கையும் முறைகள் பகுதியில் சொல்லாத அனோவாவை இன்னொருவர் ஓட்டிச் சரிபார்க்க முடியாது.